பத்தியம் காத்த இரத்தம்

எங்கள் மகள் ஆதிரைக்கு வயிற்றில் பூச்சி என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம். வயிறு முன்னே தள்ளி, கை கால்கள் மெலிந்து, உதடு வெளிறிப்போன ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன இருக்கக்கூடும்? பூச்சி மருந்து கொடுத்தோம். பூச்சி இல்லையென்றால் உடல்வாகு என்றோம். "எங்கடை ஆக்கள் இருபது வயசுக்குப் பிறகுதான் தேறுறவை" என்று என் கணவர் தம் மெலிந்த தோளைத் தடவிக்கொள்வார். உடல்வாகும் இல்லையென்றால் நாவூறு. ஒவ்வொரு நம்பிக்கைக்கும் ஒரு பரிகாரம் இருந்தது. ஒவ்வொரு பரிகாரத்துக்குப் பிறகும் சில நாள் நிம்மதி கிடைத்தது. எங்களை மிகவும் ஏமாற்றியவை அந்த நிம்மதிகள்தாம் என்று இப்போது தோன்றுகிறது.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எண் நல்லதா கெட்டதா என்று தெரியாமல் வைத்தியசாலை வாசலில் நிற்கும் தாய்மாரை நான் இன்னும் காண்கிறேன். எனக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. நான் நூலகத்தில் வேலை செய்பவள்; வாசிப்பதற்காகவே சம்பளம் வாங்குபவள். அப்படியும் அவ்வளவு காலம் பிடித்தது.

எங்கள் வீடு கோப்பாயில். என் கணவர் வெங்காயமும் பீற்றூட்டும் செய்து சுன்னாகம் சந்தைக்குக் கொடுக்கிறார். அவருடைய அக்காவும் எங்களுடன்தான் இருக்கிறார். எனக்கு மச்சாள், ஆதிரைக்கு மாமி. நாற்பதுகளின் நடுவில் இருப்பவர், திருமணம் செய்துகொள்ளாதவர். பின்வளவில் ஆடு வளர்க்கிறார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு ஆதிரை அவர் கையில்தான். பிள்ளையின் மெலிவைப் பற்றி நான் ஏதாவது ஒரு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தால், "புத்தகம் வாசிச்சு ஒரு பிள்ளையும் கொழுத்ததாச் சரித்திரம் இல்லை" என்பார். அதில் பகை இராது. பகை இல்லாமல் குத்தத் தெரிந்த மனிதர் அவர்.

மழைக்காலம் ஒன்றின் தொடக்கத்தில் ஆதிரைக்கு வயிற்றோட்டம் நிற்காமல் போயிற்று. கண் குழி விழுந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் சோம்பலுற்றவளாய்க் கிடந்தாள். சிறுவர் விடுதியில் சேர்த்தோம். சேலைன் ஏற்றுவதற்கும் இரத்தம் எடுப்பதற்கும் நரம்பு அகப்படவில்லை. ஒரு கையில் தேடினார்கள், மறு கையில் தேடினார்கள், பிறகு காலில். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, பிள்ளையின்ரை நரம்பு ஒளிச்சு விளையாடுது" என்றார் தாதி. ஆதிரை அழுதுகொண்டே என்னைக் கேட்டாள்: "அம்மா, இவைக்கு எடுக்க மட்டும்தான் தெரியுமோ? திருப்பி வைக்கத் தெரியாதோ?"

இரத்தத்தில் இரும்புச் சத்து மிகவும் குறைந்திருந்தது. அதற்கான பாணி மருந்தை ஏற்கெனவே மாதக்கணக்கில் கொடுத்தும் ஏன் ஏறவில்லை என்பதே கேள்வி. விடுதியில் இருந்த இளம் வைத்தியர் ஒரு துண்டில் பரிசோதனை ஒன்றின் பெயரை எழுதித் தந்து, வெளியில் செய்துகொண்டு வரச் சொன்னார். பட்டணத்தில் இரத்தம் எடுக்கும் நிலையத்துக்குப் போனோம். அந்தப் பரிசோதனைக்குரிய இரசாயனம் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வாருங்கள் என்றார்கள். அடுத்த கிழமை போனால், இரத்தம் கொழும்புக்குப் போகவேண்டும், இன்று பொதி அனுப்பும் நாள் இல்லை என்றார்கள். அதற்கடுத்த முறை, எடுத்த இரத்தம் போதாது என்று மறுநாள் தொலைபேசியில் அழைத்தார்கள். பொறுமை எனக்குப் பிறவிக் குணம் என்று சொல்வார்கள். அது எண்ணெய் போல எரிந்து குறையும் பொருள் என்று அந்த நடைகளில் அறிந்தேன்.

இந்த இழுபறியில் மாதங்கள் போயின. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். அது எந்த வீட்டிலும் நடப்பதுதான். நோயாளிக்குப் பத்தியம் காப்பது. மச்சாள் சமையலறையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். மிளகு, மல்லி, சீரகம், உள்ளி அரைத்த சரக்குக் கறி, குழைந்த சோறு, பச்சை முருங்கைப் பிஞ்சு, சின்ன மீன், தனி அரிசி மாவில் அவித்த பிட்டு. பாண் கூடாது, பணிஸ் கூடாது, பிஸ்கற் கூடாது, கோதுமை மா வீட்டுக்குள்ளேயே கூடாது. "வயிறு பழுதாக் கிடக்கேக்கை மா குடுக்கிறதோ?" என்பது அவருடைய ஒரே வாதம். அதில் எங்களுக்கும் மாறுபாடு இல்லை. பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்கத் தொடங்கினாள். கிணற்றடிவரை ஓடினாள். அதற்குப் பிறகுதான் போதிய இரத்தம் எடுக்கப்பட்டது.

முடிவு வந்தது. ஓர் எண், அதன் பக்கத்தில் இயல்பான எல்லை. எண் எல்லைக்கு வெகு கீழே நின்றது. "நெகற்றிவ்" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். என் கணவர் தாளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு படலையைத் திறந்தார். மச்சாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நோய் இல்லை என்று ஆனபிறகு பத்தியம் எதற்கு? பள்ளிக்குப் பாணும் சீனிச் சம்பலும் கட்டிக்கொண்டு போனாள் ஆதிரை. சில வாரங்களில் மறுபடியும் விடுதியில் கிடந்தாள்.

இரண்டாம் முறையும் அதே கதை நடந்தது: விடுதி, சேலைன், வீடு, பத்தியம், தேற்றம், பிறகு இரத்தம். இம்முறை வேறோர் ஆய்வுகூடம். என் கணவர் இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே விரித்தார்.

"பாரும், போனமுறை நாலு. இந்தமுறை ஒன்பது. இரண்டு மடங்குக்கு மேலை ஏறிப்போச்சு."

"எல்லையையும் பாருங்கோ. இதிலை எல்லையும் பெரிசு. அளவே வேறை."

"நோய் ஒண்டுதானே?"

"உங்கடை வெங்காயமும் ஒண்டுதான். ஒரு கிலோ விலையையும் ஐம்பது கிலோ அந்தர் விலையையும் பக்கத்திலை வைச்சு விலை ஏறீட்டுது எண்டு சொல்லுவியளோ?"

அவர் தாள்களை மடித்தார். "அப்ப ஏன் எல்லாரும் ஒரே அளவிலை அடிக்கேலாது?" என்றார். தாய்மாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அதன் பக்கத்தில் இருக்கும் எல்லையைப் பாருங்கள். வெவ்வேறு ஆய்வுகூடங்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள்.

இரண்டு தாள்களும் "இல்லை" என்றன. பிள்ளை "உண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கனடாவில் இருக்கும் என் அண்ணை தொலைபேசியில் அலுத்துக்கொண்டார்: "தங்கச்சி, உங்கை ஏன் இப்பிடி மினக்கெடுறியள்? இஞ்சை அரைவாசிச் சனம் கோதுமை தின்னுறேல்லை. நிப்பாட்டிப் போட்டு வேலையைப் பாருங்கோ." என் தோழி பால் ஒவ்வாமை என்றாள். பக்கத்து வீட்டார் காளி கோயிலுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆளுக்கோர் அறிவு இருந்தது. அந்த அறிவுகளுக்கு நடுவே பிள்ளை ஒரு கிலோகூடக் கூடாமல் நின்றாள்.

கடைசியாகக் குழந்தை நோய் நிபுணர் ஒருவரிடம் போனோம். முப்பதுகளில் இருந்த பெண். மச்சாளும் வந்திருந்தார். காத்திருக்கும் கூடத்தில் மின்விசிறி ஒன்று மட்டும் சுழன்றது. எங்கள் இலக்கம் வரும்போது மதியம் கழிந்திருந்தது. டொக்டர் இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு, ஆதிரையைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றார் என் கணவர். மச்சாள் குனிந்து ஆதிரையின் செருப்பைத் தேடினார்.

"இரத்தம் எடுக்க முதல் பிள்ளை என்ன சாப்பிட்டவ?"

இதற்கு மச்சாள் நிமிர்ந்தார். "சும்மா கொண்டுபோய் இரத்தம் எடுக்கேல்லை டொக்டர். இரண்டு முறையும் மாசக்கணக்கா பத்தியம் காத்துத்தான் கொண்டு போனனாங்கள். கோதுமை மா கண்ணிலையும் காட்டேல்லை."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். சிரிக்க விரும்பியும் சிரிக்க முடியாதவர் போல இருந்தது அவர் முகம்.

"அம்மா, வீட்டைக் கூட்டி, கழுவி, சாம்பிராணியும் போட்டுப்போட்டு, கள்ளன் வந்தவனோ எண்டு பொலிசைக் கூப்பிட்டுக் கேட்டா அவங்கள் என்ன சொல்லுவாங்கள்?"

பிறகு அவர் விளக்கியதை நான் என் சொற்களில் எழுதுகிறேன். சந்தேகப்பட்ட நோயின் பெயர் சீலியாக். அது ஒவ்வாமை அன்று. கோதுமையிலும் வாற்கோதுமையிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு. றொட்டிக்கு மாக் குழைக்கும்போது இழுபடுகிறதே, அந்த இழுவைக்குக் காரணம் அதுதான். சிலருடைய உடல், அந்தப் புரதம் உள்ளே வந்ததும் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போல நிற்கும் நுண்ணிய முளைகள் உண்டு. உணவின் சத்தை உறிஞ்சுபவை அவை. தாக்குதலில் அவை தேய்ந்து மட்டமாகிவிடும். அதன் பிறகு பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் உடலில் சேராது. இரும்புச் சத்து மருந்தும் வந்த வழியே போய்விடும். அந்தத் தாக்குதலின்போது உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரி என்ற பொருளைத்தான் பரிசோதனை அளக்கிறது. கோதுமையை நிறுத்தினால் தாக்குதல் தணியும், பிறபொருளெதிரியும் மெல்ல வடிந்துவிடும். எனவே, மாதக்கணக்கில் பத்தியம் காத்த இரத்தத்தில் நோயின் தடயம் இல்லாமல் போகலாம். அந்த "இல்லை" என்ற சொல்லுக்குப் பொருளும் இல்லை.

இன்னொன்றும் விடுபட்டிருந்தது. அந்தப் பரிசோதனை ஐஜிஏ என்ற வகைப் பிறபொருளெதிரியையே தேடுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த வகை போதாது. நோய் இருந்தாலும் அவர்களுடைய தாள் எப்போதும் "இல்லை" என்றுதான் வரும். அதனால் உடலில் மொத்தமாக ஐஜிஏ எவ்வளவு இருக்கிறது என்பதையும் கூடவே பார்க்கவேண்டும். எங்கள் இரண்டு தாள்களிலும் அது பார்க்கப்படவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, யாரும் செய்யவும் இல்லை.

"இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் பாண் குடுங்கோ. ஆறு கிழமை, முடிஞ்சால் எட்டு. பிறகு இரத்தம் எடுப்பம். இடையிலை பிள்ளை கடுமையா வாடினால் உடனை என்னட்டைக் கொண்டு வாங்கோ."

மச்சாள் எழுந்து நின்றுவிட்டார். "நஞ்செண்டு தெரிஞ்சு தீத்தச் சொல்லுறியளோ?"

"நஞ்சோ இல்லையோ எண்டு தெரியத்தான் அம்மா."

"தெரியாட்டி என்ன குறைஞ்சுபோகும்? குடுக்காமல் விட்டாச் சரிதானே. பிள்ளை தேறுறாள்தானே."

டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: நோய் உண்டு என்றால் அது வாழ்நாள் முழுவதற்கும். கலியாண வீட்டில், பள்ளியில், விடுதியில், புகுந்த வீட்டில், எங்கும் ஒரு துணுக்கும் கூடாது. உறுதியில்லாத நோய்க்காக யாரும் வாழ்நாள் முழுவதும் அப்படி இருக்கமாட்டார்கள். பதின்மூன்று வயதில் தோழி ஒருத்தி ஒரு துண்டு கேக் நீட்டினால் வாங்குவாள். எலும்பு தேயும், வளர்ச்சி நிற்கும். நோய் இல்லை என்றால், வேறு எதையோ நாங்கள் தவறவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். எப்படியும் அறிந்தே ஆகவேண்டும்.

திரும்பும் வழியில் பேருந்தில் ஆதிரை என் மடியில் உறங்கினாள். அவளை நோகச் செய்தால்தான் அவளுக்கு என்ன நோவு என்று அறியமுடியும். இந்த வாக்கியத்தை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டாலும் அது இனிமையாக மாறவில்லை. ஆயினும் டொக்டர் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது. என் கணவருக்கும் பட்டது. மறுநாள் காலையே இரண்டு துண்டு பாணில் பட்டர் பூசி ஆதிரையின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரத்துக்கு ஒரு பணிஸ்.

முதல் வாரம் எதுவும் நிகழவில்லை. இரண்டாம் வாரமும் அப்படியே. பிள்ளை சிரித்தாள், விளையாடினாள், கன்னத்தில் மெல்லிய சதைகூட வைத்தது. எனக்குள் ஒரு பேராசை எழுந்தது: நோயே இல்லை, எல்லாம் வீண் பயம். அண்ணைக்கும் அப்படியே சொன்னேன்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள், ஆதிரை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, ஆட்டுக்கு நாளைக்கும் பணிஸ் வாங்குவியளோ? அதுக்குப் பாணைவிடப் பணிஸ்தான் விருப்பம்."

பின்வளவுக்குப் போனேன். மச்சாள் ஆட்டுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"மச்சாள், ஆட்டுக்குப் பாண் ஆர் போட்டது?"

"நான்தான். அது கேட்டது."

"ஆடு கேட்டதோ?"

"ஓம். உன்ரை டொக்டரைவிட அறிவாக் கேக்கும்."

எனக்குக் கோபம் வருவது அரிது. அன்று வந்தது. இரசாயனத்துக்காகக் காத்திருந்த நாட்கள், பொருளற்றுப்போன இரண்டு தாள்கள், இப்போது ஆட்டின் வயிற்றுக்குள் போன வாரங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன். உரத்துக் கதைத்தேன். தோட்டத்திலிருந்து வந்த என் கணவர் செய்தி கேட்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"அக்கா, உனக்கென்ன விசரோ? நாங்கள் பிள்ளையின்ரை வருத்தத்தைக் கண்டுபிடிக்கப் பாக்கிறம். நீ ஆட்டைக் கொழுக்க வைக்கிறாய்."

மச்சாள் எழவில்லை. ஆட்டின் கழுத்தைத் தடவியபடியே சொன்னார்.

"சபேசனுக்கும் இதே வயிறு."

சபேசன் என் கணவரின் தம்பி. இடப்பெயர்வில் இறந்துபோன சின்னப் பிள்ளை என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

"உனக்கு நினைவிராது. நீயும் சின்னன்தானே. தென்மராட்சியிலை பள்ளிக்கூடத்திலை கிடந்தம். அரிசி இல்லை. நிவாரணக் கோதுமை மாதான். அம்மா காய்ச்சலிலை பாயோடை. நான்தான் றொட்டி சுட்டுச் சுட்டுக் குடுத்தனான். நீ தின்டனீ, நான் தின்டனான். அவன் தின்னத் தின்னக் காஞ்சு போனான். வயிறு மட்டும் இப்பிடி." கையால் காட்டினார். "வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா எண்டு கத்துவான். சாப்பிட்டாத்தான் தேறுவாய் எண்டு வாயைத் துறந்து தீத்தினனான்."

"அது வயித்தோட்டம் எண்டல்லோ எல்லாரும் சொன்னவை" என்றார் என் கணவர். குரல் மெலிந்திருந்தது.

"சொன்னவை. அங்கை எல்லாப் பிள்ளையளுக்கும் வயித்தோட்டம்தான். மற்றப் பிள்ளையள் எழும்பீட்டுதுகள்."

ஆடு கையை முகர்ந்தது. அவர் அதைத் தள்ளிவிட்டார். "ஆதிரையின்ரை வயிறு தள்ளினதைக் கண்ட நாளிலை இருந்து எனக்குத் தெரியும். தாளிலை இல்லை எண்டு வந்த உடனை நானும் நம்பப் பாத்தனான். உங்களுக்குச் சொன்னா, உங்கடை டொக்டர்மாருக்குச் சொன்னா, நான் என்ன சொல்லுறது? என்ரை கையாலை என்ரை தம்பியைக் கொன்டனான் எண்டோ?"

என் கோபம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. மண்ணில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு நால்வரும் போனோம். மச்சாளே டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார்; ஆட்டையும் மறைக்கவில்லை. டொக்டர் கதிரையை மச்சாளுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, அந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம் எண்டு இப்ப ஒருத்தராலையும் சொல்லேலாது. அப்ப தண்ணி சரியில்லை, காய்ச்சல், பட்டினி, எல்லாம் இருந்தது. இந்த வருத்தம் குடும்பத்திலை வாறது எண்டது உண்மை. அவ்வளவுதான் நான் சொல்லலாம். நீங்கள் கையிலை இருந்ததைக் குடுத்தியள்."

"எனக்கு ஆறுதல் வேண்டாம் டொக்டர். இவளுக்குத் திரும்பவும் முதலிலை இருந்து குடுக்கோணுமோ?"

"ஓம்."

மச்சாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப நான்தான் குடுப்பன். நீ குடுத்தா அவள் உன்னை வெறுப்பாள். அது கூடாது. என்னிலை கோவிக்கட்டும்."

அந்த ஆறு வாரங்களை நான் விரித்து எழுதமாட்டேன். முதல் சில நாட்களிலேயே வயிறு ஊதத் தொடங்கியது. வாய்க்குள் புண் வந்தது. பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். ஒவ்வொரு காலையும் மச்சாள் பாணைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்து, தேநீரில் தோய்த்து, சமையலறை நிலத்தில் ஆதிரைக்கு எதிரே அமர்ந்து தீத்தினார். நான் வேலைக்குப் புறப்பட்டு நின்றாலும் காது அங்கேயே இருக்கும்.

"மாமி, நீங்கள் கெட்ட மாமி."

"ஓம் குஞ்சு. நான் சரியான கெட்ட மாமி. இன்னும் ஒரு வாய்."

"அம்மா எண்டா இப்பிடித் தரமாட்டா."

"தரமாட்டா. அவ நல்லவ. இந்தா, ஆ காட்டு."

பிள்ளை உறங்கிய பிறகு மச்சாள் கிணற்றடிக்குப் போய்க் கையை வெகுநேரம் கழுவுவார். இடையில் ஒருமுறை அச்சத்தோடு பிள்ளையை டொக்டரிடம் கொண்டு ஓடினோம். பார்த்துவிட்டு, இன்னும் தாங்குவாள் என்று திருப்பி அனுப்பினார். அண்ணை தொலைபேசியில் என்னைக் கொடுமைக்காரி என்றார். அவர் அனுப்பிய குளூட்டன் இல்லாத பிஸ்கற் பொதி மேசையில் உடைபடாமல் கிடந்தது.

குறித்த நாளில் இரத்தம் எடுத்தார்கள். அன்று மழை, பொதி போகாது என்றார்கள், பிறகு போகும் என்றார்கள். தாள் வந்தபோது நான் அதைத் தனியாக வாசித்தேன். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதலில் மொத்த ஐஜிஏ: வயதுக்குரிய இயல்பான அளவு. அப்படியென்றால் அடுத்த எண்ணை நம்பலாம். அடுத்த எண், எல்லையைப் பத்து மடங்குக்கு மேல் தாண்டியிருந்தது. வாசித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. வெட்கக்கேடாக, நிம்மதிதான் வந்தது. முதல் முறையாக ஒரு தாள் எங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசியது.

உறுதி செய்வதற்குக் கொழும்புக்குப் போனோம். பிள்ளையை மயக்கி, வாய் வழியாக மெல்லிய குழாயை இறக்கி, சிறுகுடலிலிருந்து எள்ளளவு சதைத் துணுக்குகள் எடுத்தார்கள். முளைகள் தேய்ந்து மட்டமாகியிருந்தன. அங்கிருந்த வைத்தியர் ஆங்கிலத்திலும் என் கணவர் தமிழிலும் மாறி மாறிப் பேசி, இருவரும் ஒன்றையே சொன்னார்கள்: இன்றோடு கோதுமை நின்றது.

நிறுத்துவது எளிது என்று எண்ணினேன். அரிசி விளையும் ஊர். குரக்கனும் உளுந்தும் பனங்கிழங்கு ஒடியலும் உண்ணும் சனம். ஆனால் ஊரில் பாதி வீடுகளில் பிட்டுக்கு அவித்த கோதுமை மாவையும் கலக்கிறார்கள். கடைப் பெருங்காயத்தில் கோதுமை மா இருக்கிறது என்பதை ஒரு மாதம் கழித்தே கண்டுபிடித்தோம். பிறந்தநாள் வீடுகளில், "ஒரு துண்டு கேக் என்ன செய்யப் போகுது? பிள்ளையை ஆசைகாட்டி வதைக்கிறியள்" என்பவர்களுக்கு நான் இப்போது சிறுகுடலின் முளைகளைப் பற்றி விளக்குவதில்லை. அதற்கு மச்சாள் இருக்கிறார். "துண்டை நீ தின். பிள்ளை விழுந்தா நீயோ தூக்கப்போறாய்?" என்பார். அதோடு முடிந்துவிடும்.

ஆதிரை வளர்கிறாள். பரிசோதனை எண் ஒவ்வொரு முறையும் இறங்கி வருகிறது. ஒரே ஆய்வுகூடத்திலேயே செய்விக்கிறோம். நெருங்கிய உறவினரும் பரிசோதித்துக்கொள்ளவேண்டும் என்றார் டொக்டர். எனக்கும் என் கணவருக்கும் இல்லை என்று வந்தது. மச்சாளிடமும் கேட்டார்.

"என்ரை இரத்தம் உங்களுக்கு ஒண்டும் சொல்லாது டொக்டர்" என்றார் மச்சாள். "தம்பி போன நாளிலை இருந்து நான் கோதுமை மா வாயிலை வைச்சதில்லை."

ஆறு வாரம் உண்டால் அறியலாம் என்று டொக்டர் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். மச்சாளை வற்புறுத்தவில்லை. எங்களிலும் யாரும் வற்புறுத்தவில்லை. சபேசனுக்கு என்ன நோய் என்பது இனித் தெரியவராது.

என் கணவரின் தாய் பெற்ற மூவரில் அவரும் மச்சாளும் இருக்கிறார்கள். அவர்களோடு ஆதிரை இருக்கிறாள்.